சொல் வரும் வரிசையும் பொருள் பிறக்கும் கணமும்: சாப்தபோத விசாரத்தின் வரலாறு

சப்தத்தைத் தனிப் ப்ரமாணமாகக் கொள்ளும் தர்சனங்கள் அனைத்தும் விடையளிக்கக் கடமைப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. வாக்கியம் ஒரே கணத்தில் செவியில் விழுவதில்லை. எழுத்தின் பின் எழுத்தாக, சொல்லின் பின் சொல்லாக வருகிறது. ஓர் எழுத்து ஒலித்து மறைந்த பின்னரே அடுத்தது பிறக்கிறது. இறுதிச் சொல் செவியை எட்டும்போது முதற்சொல் ஒலி வடிவில் எங்கும் இல்லை. ஒருபோதும் ஒருங்கே இராத இவற்றிலிருந்து ஒரே அர்த்தஜ்ஞாநம் எவ்வாறு பிறக்கிறது? அது பிறக்கும் கணம் எது? சொற்கள் வந்துகொண்டிருக்கும்போதா, வாக்கியம் முற்றுப்பெற்ற பின்பா?

இந்த விசாரத்தில் வேதாந்திக்குப் பெரிய ப்ரயோஜநம் உண்டு. வைசேஷிகர்கள் சப்தத்தை அநுமாநத்தில் அடக்கினர். சொற்களைக் கேட்டபின் கேட்பவனுடைய மனம் தானே ஊகித்துக் கட்டிக்கொள்வதுதான் வாக்யார்த்தம் என்று முடிந்தால், அவர்கள் கொள்கையே வென்றதாகும். ப்ரஹ்மம் அநுமாநத்துக்கு எட்டாதது, சாஸ்த்ரம் ஒன்றாலேயே அறியத்தக்கது என்பது சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் பாஷ்யகாரர் நிலைநாட்டிய ஸித்தாந்தம். வாக்யார்த்தமே ஊகம் என்றால் அந்த ஸித்தாந்தம் நிற்க இடம் இராது. மீமாம்ஸகரும் வையாகரணரும் வேதாந்திகளும் இக்கேள்வியைப் பல நூற்றாண்டுகள் விடாமல் ஆராய்ந்ததன் காரணம் இதுவே.

அழியும் எழுத்தும் எஞ்சும் ஸம்ஸ்காரமும்

ஜைமிநி ஸூத்ரங்களுக்கு பாஷ்யமிட்ட சபரஸ்வாமி, பசுவைக் குறிக்கும் ‘கௌ:’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, இதில் சொல் என்பது எது என்று வினவுகிறார். ககாரம், ஔகாரம், விஸர்கம் என்ற எழுத்துகளே சொல் என்பது உபவர்ஷருடைய மதம். எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிவதால் அவை சேர்ந்து பொருளை உணர்த்த முடியாதே என்ற ஆக்ஷேபத்துக்குச் சபரர் கூறும் ஸமாதாநம் இது: முன் எழுத்துகள் மறைந்தாலும் அவை விளைத்த ஸம்ஸ்காரம் மறைவதில்லை. அந்த ஸம்ஸ்காரத்தின் துணையோடு இறுதி எழுத்து பொருளை உணர்த்துகிறது.

சுமார் 5ஆம் நூற்றாண்டினரான பர்த்ருஹரி வேறு வழி சென்றார். ஒலிகளால் வெளிப்படுத்தப்படும் பகுக்க முடியாத ஸ்போடமே பொருளைத் தருவது, அவற்றுள்ளும் வாக்கியமே முதன்மையானது என்பது அவர் கொள்கை. ஒவ்வோர் ஒலியும் புத்தியில் விதையிடுகிறது. இறுதி ஒலி வரும்போது முதிர்ந்த புத்தியில் சப்தம் தெளிவாகப் பிடிபடுகிறது. ஒரு ச்லோகத்தைத் திரும்பத் திரும்ப ஓதுபவனுக்கு ஒவ்வோர் ஆவ்ருத்தியிலும் சிறிது பதிந்து, கடைசி ஆவ்ருத்தியில் முழுதும் வசப்படுவதை அவர் உவமையாகக் காட்டினார். வாக்கியம் என்பது எது என்பது பற்றி நிலவிய எட்டு மதங்களையும் வாக்யபதீயத்தின் இரண்டாம் காண்டம் தொகுத்துத் தருகிறது. முதற்சொல்லே வாக்கியம் என்பது அவற்றுள் ஒன்று. அம்மதப்படி முழுப்பொருளும் முதற்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. பின்வரும் சொற்கள் அதைத் தெளிவாக்குகின்றன.

வேதாந்த ஆசார்யர்கள் ஸ்போடத்தை ஏற்கவில்லை. கேட்கப்படும் எழுத்துகளுக்கு அப்பால் ஒன்றைக் கற்பிக்க வேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை. எனினும் ‘பொருள் பிறப்பது எக்கணத்தில்’ என்ற கேள்விக்குக் கூர்மை தந்தவர் பர்த்ருஹரியே.

இரு பக்ஷங்கள்

7ஆம் நூற்றாண்டில் குமாரில பட்டர் ச்லோகவார்த்திகத்தில் ஸ்போடவாதத்தை மறுத்து, பின்னர் அபிஹிதாந்வயம் என்று பெயர்பெற்ற பக்ஷத்தை நிறுவினார். சொற்கள் தத்தம் பொருளை மட்டும் தெரிவித்து ஓய்கின்றன. அப்பொருள்கள் தம்முள் இணைந்து வாக்யார்த்தத்தைத் தருகின்றன என்பது அதன் சுருக்கம். அவர் தரும் த்ருஷ்டாந்தம் புகழ்பெற்றது. தொலைவில் வெண்மையான ஏதோ ஒன்று தெரிகிறது, கனைப்பொலி கேட்கிறது, குளம்போசையும் கேட்கிறது. ஒரு சொல்லும் கேளாமலே வெள்ளைக் குதிரை ஓடுகிறது என்ற அறிவு பிறக்கிறது. ஆகவே இணைக்கும் வல்லமை பொருள்களிடம் உள்ளது என்றார்.

ப்ரபாகரர் இதை ஏற்கவில்லை. சொல் தனிப்பொருளைத் தெரிவிப்பதே இல்லை. பிறவற்றோடு இயைந்த பொருளையே தெரிவிக்கிறது என்ற அந்விதாபிதாந பக்ஷம் அவருடையது. பெரியோர் வழக்கைக் கண்டு குழந்தை மொழி கற்பதை அவர் வழிவந்தோர் சான்றாக்கினர். ‘பசுவைக் கொண்டு வா’ என்று ஒருவர் சொல்ல மற்றொருவர் பசுவைக் கொண்டுவருகிறார். ‘பசுவைக் கட்டு’ என்றதும் கட்டுகிறார். ‘குதிரையைக் கொண்டு வா’ என்றதும் குதிரை வருகிறது. குழந்தை முதலில் அறிவது முழுச் செயலை. சொற்களின் பொருளை அது பிரித்தறிவது பின்னரே. இணைப்பிலேயே கற்ற சொல்லை இணைப்பின்றி எப்படி உணர முடியும்?

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முதற்சொல் இரண்டாம் சொல்லோடு இயைந்த பொருளைத் தர வேண்டுமானால் இரண்டாம் சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதற்சொல் தெரிந்திருக்க வேண்டும். இந்த அந்யோந்யாச்ரய தோஷத்தைச் சாலிகநாதர் ப்ரகரணபஞ்சிகையில் இரண்டு கட்டங்களைக் காட்டிப் போக்கினார். சொல் கேட்டவுடன் அதன் பொருள் நினைவுக்கு வருகிறது. நினைவுற்ற பொருள்கள் அருகருகே நிற்க, சொற்கள் இயைந்த பொருளை உணர்த்துகின்றன. சாப்தபோதத்தைக் காலத்தில் நிகழும் படிமுறையாகப் பார்த்த பார்வை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

இரு பக்ஷத்தாரும் மூன்று ஸஹகாரிகளை ஏற்றனர். ஒரு சொல் மற்றொன்றை வேண்டி நிற்பது ஆகாங்க்ஷை. பசு, குதிரை, மனிதன், யானை என்று அடுக்கினால் அது வாக்கியமாகாது. பொருள்கள் தம்முள் பொருந்துவது யோக்யதை. நெருப்பால் நனைக்கிறான் என்றால் அது இல்லை. இடையீடின்றி அருகில் வருவது ஸந்நிதி. ஒரு சொல்லை இப்போதும் அடுத்ததை ஒரு ஜாமம் கழித்தும் சொன்னால் பொருள் பிறவாது.

ஸ்ரீபாஷ்யத்தின் நிலை

விசிஷ்டாத்வைத ஆசார்யர்கள் அந்விதாபிதாநத்தை ஏற்றனர்; ஆனால் ப்ரபாகரர் அதனோடு பிணைத்திருந்த கார்யார்த்த வாதத்தை விலக்கினர். ஏவலோடு இயைந்த பொருளையே சொல் தரும் என்றால், ஏவல் இன்றி ஸித்தமாயுள்ள ப்ரஹ்மத்தைக் கூறும் உபநிஷத்வாக்யங்கள் பொருளற்றுப் போகும். இதற்கு எம்பெருமானார் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் வேறொரு குழந்தையைக் காட்டுகிறார். தாயும் தந்தையும் பிறரும் விரலால் சுட்டி, அம்மா, அப்பா, மாமா, சந்திரன், பசு, பறவை என்று பலமுறை சொல்லிக் காட்டுகிறார்கள். இங்கே ஏவல் எதுவும் இல்லை. சொல்லுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உள்ள தொடர்பைக் குழந்தை நேரே கற்கிறது. ஸ்வாமி தேசிகன் (1268–1369) ந்யாயபரிசுத்தியின் சப்தாத்யாயத்தில் இவ்விசாரங்களை முறைப்படுத்தியருளினார்.

சொல் வரும் வரிசை தத்த்வ நிர்ணயத்தையே தொட்ட இடமும் ஸ்ரீபாஷ்யத்தில் உண்டு. மீமாம்ஸையில் உபக்ரம ந்யாயம் என்று ஒன்று உள்ளது. ஒரே ப்ரகரணத்தின் தொடக்கமும் முடிவும் மாறுபடுவதுபோல் தோன்றினால் தொடக்கமே வலியது. முடிவைத் தொடக்கத்துக்கு இசையக் கொள்ள வேண்டும். தொடக்கத்தைக் கேட்கும் கணத்தில் அதற்கு விரோதியான அறிவு இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அது தடையின்றி நிலைபெறுகிறது. முடிவு வரும்போதோ, நிலைபெற்ற அறிவு எதிரே நிற்கிறது. அஸஞ்ஜாதவிரோதி ந்யாயம் என்று வழங்கும் இது, கேட்பவன் மனத்தில் கணந்தோறும் நிகழ்வதையே காரணமாகக் கொண்ட விதி.

இதற்கு மறுதலையாகத் தோன்றுவது அபச்சேத ந்யாயம். ஸோமயாகத்தில் ருத்விக்குகள் ஒருவர் பின் ஒருவராக, முன்னவரைப் பற்றிக்கொண்டு செல்கிறார்கள். உத்காதா பிடியை விட்டால் தக்ஷிணையின்றி யாகத்தை முடித்து மீண்டும் செய்ய வேண்டும். ப்ரதிஹர்த்தா விட்டால் உடைமை அனைத்தையும் தக்ஷிணையாகத் தர வேண்டும். இருவரும் அடுத்தடுத்து விட்டால் பின்னதற்குரிய ப்ராயச்சித்தமே வலியது. இங்கே முந்தியது எது, பிந்தியது எது என்பதில் நியமம் இல்லை; ஒன்று மற்றொன்றை எதிர்பார்ப்பதும் இல்லை.

மஹாபூர்வபக்ஷத்தில், நிர்குண வாக்யங்கள் ஸகுண வாக்யங்களுக்குப் பிற்பட்டவை, ஆகவே வலியவை என்ற வாதம் எழுப்பப்படுகிறது. விலக்குதல் என்பது விலக்கத்தக்க ஒன்றை முன்னே வேண்டுவதால் நிஷேதம் எப்போதும் பின்னதே என்பது அதன் உட்கருத்து. பாஷ்யகாரர், இவ்விரு வகை வாக்யங்களுக்கும் விரோதமே இல்லை என்று காட்டுகிறார். நிர்குணச் சொல் ஹேய குணங்களை விலக்குகிறது. ஸகுண வாக்யங்கள் கல்யாண குணங்களை விதிக்கின்றன. முன் கேட்டதை அழித்துவிட்டுப் பின் கேட்டது எழ வேண்டியதில்லை. முன்னதோடு இயைந்தே பின்னது பொருள் பெறுகிறது. 16ஆம் நூற்றாண்டிலும் இவ்விவாதம் ஓயவில்லை. அப்பய்ய தீக்ஷிதர் உபக்ரமபராக்ரமம் எழுத, மாத்வரான விஜயீந்த்ர தீர்த்தர் உபஸம்ஹாரவிஜயம் எழுதி முடிவே வலியது என்று வாதித்தார்.

அளக்கப்பட்ட கணம்

இந்த விசாரங்கள் அனைத்தும் யுக்தியாலும் உலக வழக்காலும் நடந்தவை. கணத்தைக் கருவியால் அளக்கலாம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றியது. 1861இல் பாரிஸில் மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையில் இடப்புற முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். 1874இல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் குன்றியவர்களுக்கு வேறொரு பகுதி பழுதுறுவதைக் காட்டினார். 1868இல் டச்சு அறிஞர் டோண்டர்ஸ், மனச்செயலுக்கு ஆகும் காலத்தை அளக்கும் முறையை வகுத்தார். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேற்பரப்பிலிருந்து பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். இடம், காலம் இரண்டையும் ஆராய வழி பிறந்தது.

மீமாம்ஸகர்களைப் பிரித்த கேள்வியை ஒத்த ஒன்று ஆய்வுக்கூடங்களிலும் எழுந்தது. 1965இல் ஃபோடரும் பெவரும் ஒரு காதில் வாக்கியத்தையும் மறு காதில் ஒரு சொடுக்கொலியையும் ஒலிக்கச் செய்து, சொடுக்கு எங்கே கேட்டது என்று வினவினர். கேட்டவர்கள் அது வாக்கியப் பகுதிகளின் எல்லையை ஒட்டி ஒலித்ததாகக் கூற முற்பட்டனர். சொற்றொடர் முடியும் எல்லைவரை மனம் அதை ஒரு முழுமையாகத் தாங்கி நிற்கிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது.

1973இல் வில்லியம் மார்ஸ்லென்-வில்சன் வெளியிட்ட ஆய்வு வேறு திசையைக் காட்டியது. பேச்சைக் கேட்டுக்கொண்டே உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணிக்கப்பட்டவர்களுள் சிலர் சுமார் 250 மில்லி விநாடி இடைவெளியில், அதாவது ஏறக்குறைய ஓர் அசை பின்தங்கிச் சொல்லிவந்தனர். அவர்கள் பிழையாகச் சொன்ன சொற்களும் அதுவரை வந்த தொடரின் இலக்கணத்துக்கும் பொருளுக்கும் பொருந்தியே இருந்தன. வாக்கியம் முடியும்வரை பொருள் காத்திருப்பதாயின் இது நிகழ முடியாது.

1980இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் செய்த சோதனை யோக்யதையின் த்ருஷ்டாந்தத்தை நினைவூட்டும். சூடான ரொட்டியில் ஒருவன் தடவியது வெண்ணெய் என்று வர வேண்டிய இடத்தில் காலுறை என்ற சொல் வந்தது. அச்சொல் தோன்றிய சுமார் 400 மில்லி விநாடியில் மூளையின் மின்னலையில் எதிர்மின் பக்கம் ஒரு பெரிய மாற்றம் எழுந்தது. அதே அறிஞர்கள் 1984இல், பொருத்தமான வாக்கியங்களிலும் சொல் எவ்வளவுக்கு எதிர்பாராததோ அவ்வளவுக்கு இந்த அலை பெரிதாகிறது என்று காட்டினர். எனவே இதில் யோக்யதையோடு ஆகாங்க்ஷையின் சாயலும் தெரிகிறது. இலக்கண அமைப்பு பிறழும் இடத்தில் 600 மில்லி விநாடி அளவில் வேறோர் அலை, நேர்மின் பக்கம் எழுவதை ஆஸ்டர்ஹவுட்டும் ஹோல்கம்பும் 1992இல் அறிவித்தனர்.

தமிழுக்கும் ஸம்ஸ்க்ருதத்துக்கும் நெருக்கமான சான்று ஜப்பானிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயரை ஒட்டி நிற்கும். 2003இல் கமிடே, ஆல்ட்மன், ஹேவுட் ஆகியோர் உணவகப் படம் ஒன்றைக் காட்டிப் பார்ப்பவர்களின் கண்ணசைவை அளந்தனர். பணிப்பெண் வாடிக்கையாளருக்கு என்று நான்காம் வேற்றுமை கேட்டபோது, உணவின் பெயரோ வினையோ வருமுன்பே பார்வை உணவை நோக்கிச் சென்றது. வாடிக்கையாளரை என்று இரண்டாம் வேற்றுமை கேட்டபோது அவ்வளவு செல்லவில்லை. ‘கு’ என்ற ஓர் உருபே ஆகாங்க்ஷையை எழுப்பப் போதுமானது.

எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நுணுக்கமானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வரப்போகும் சொல்லின் முதலெழுத்து வடிவைக்கூட மூளை முன்கூட்டிக் கொள்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. ஒன்பது ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியிட்ட மறுசோதனை அதை உறுதிசெய்யவில்லை. பொருளளவில் எதிர்பார்ப்பு உண்டு என்பது நிற்க, அதன் எல்லை எது என்பதே இன்று விவாதப் பொருள்.

ஊகமா, சப்தமா?

இந்த முடிவுகளைக் கொண்டு பூர்வாசார்யர்கள் மூளை விஜ்ஞாநத்தை முன்பே கண்டுவிட்டனர் என்று சொல்வது பொருந்தாது. அவர்கள் ஆராய்ந்தது சப்தத்தின் ப்ராமாண்யம். ஆய்வுக்கூடம் ஆராய்வது மூளையில் நிகழும் செயலின் காலமும் காரணமும். ஆகாங்க்ஷை என்பதைச் சொல்லின் தர்மமாகக் கொண்டவர்களும், கேட்பவனுடைய அறியும் இச்சையாகக் கொண்டவர்களும் சாஸ்த்ரத்தில் உண்டு. அந்த வேறுபாட்டை மின்னலை தீர்க்காது. அபிஹிதாந்வயம், அந்விதாபிதாநம் இரண்டில் ஒன்றுக்கு வெற்றிமாலை சூட்டவும் இச்சான்றுகள் போதா. சொல் வந்தவுடன் அது முன்னதோடு இணைகிறது என்பது அந்விதாபிதாநத்துக்கு அனுகூலம். சொல்லின் தனிப்பொருள் நினைவில் எழாமல் அந்த இணைப்பு நிகழாது என்பது சாலிகநாதரும் ஒப்பியது.

ஆனால் தொடக்கத்தில் கண்ட ஆக்ஷேபம் இங்கே புதிய வலிமையோடு எழுகிறது. மனம் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது என்றால், வாக்யார்த்தம் ஊகமே என்று வைசேஷிகர் சொல்லலாம் அல்லவா? இதற்கு விடை காலுறையில் இருக்கிறது. பொருளைத் தருவது எதிர்பார்ப்பே என்றால், கேட்பவனுக்கு வெண்ணெய் என்றே விளங்கியிருக்க வேண்டும். அவனுக்கு விளங்கியது காலுறை. அதனால்தான் மனம் இடறியது. ஆகாங்க்ஷை சொல்லுக்கு இடம் ஒருக்கி வைக்கிறது. அந்த இடத்தில் வந்து அமர்வது எது என்பதைச் சொல்லே நிர்ணயிக்கிறது. முன்னது ஸஹகாரி, பின்னது கரணம். எதிர்பார்ப்பைச் சொல் வெல்கிறவரையில் சப்தம் தனிப் ப்ரமாணமாகவே நிற்கிறது.

எதிர்பார்ப்பு சொல்லை வென்றுவிடும் அபாயமும் உண்டு என்பதை மார்ஸ்லென்-வில்சனின் சோதனையில் பிழையாகச் சொன்னவர்கள் காட்டுகிறார்கள். பொருள் புரிந்துகொண்டே விரைவதால், வந்த சொல்லுக்குப் பதில் பொருந்தும் வேறு சொல்லை வாய் சொல்லிவிடுகிறது. ஸம்ப்ரதாயம் இந்த அபாயத்துக்குக் காவல் இட்டிருக்கிறது. அத்யயந விதி அக்ஷரராசியைப் பெறுவதோடு முடிகிறது, அர்த்தவிசாரம் அதன் பின்னர் வருவது என்று ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே அருளிச்செய்யப்பட்டுள்ளது. ஆசார்யன் ஒருமுறை சொல்ல சிஷ்யன் இருமுறை சொல்லும் சந்தை முறை வேதத்துக்கும் திவ்யப்ரபந்தத்துக்கும் பொது. பொருளின் வேகம் எழுத்தைத் தள்ளிவிடாதபடி எழுத்து முதலில் நிலைபெறுகிறது.

எழுத்து நிலைபெற்ற பின் வ்யாக்யாநம் ஆகாங்க்ஷையைப் பயன்கொள்கிறது. அவதாரிகை, வரப்போகும் பாசுரம் எந்தக் கேள்விக்கு விடை என்பதைக் கேட்பவன் நெஞ்சில் முன்கூட்டி எழுப்புகிறது. வாதிகேசரி அழகியமணவாள ஜீயர் திருவாய்மொழிக்கு அருளிய பன்னீராயிரப்படி, பதந்தோறும் பொருள் காட்டிச் செல்கிறது. நம்பிள்ளை திருவரங்கத்தில் வாய்மொழியாக அருளிச்செய்து, வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் இட்ட ஈடு முப்பத்தாறாயிரப்படி, காலக்ஷேப கோஷ்டியில் இன்றும் செவிவழியாகவே கேட்கப்படுகிறது. முன் பாசுரத்தில் நின்ற நெஞ்சு எதை வேண்டி நிற்கும் என்று கேட்டு, அடுத்த பாசுரத்தை அந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பதே அதன் நடை. சொல்லை மாற்றாமல் காத்து, அதைக் கேட்கும் நெஞ்சைப் பக்குவப்படுத்துவது வ்யாக்யாதாக்கள் ஏற்ற பணி. சாப்தபோதத்தின் ஸஹகாரிகள் சாஸ்த்ரத்தில் கற்கப்படுகின்றன; கோஷ்டியில் அவை பழகப்படுகின்றன.